வெளியாளாக இருப்பதே வேலை என்றால் எப்படிப் பழகுவது?

ஜப்பானில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் துணை ஆங்கில ஆசிரியராக வேலை கிடைத்திருக்கிறது, ஜூலைக் கடைசியில் கிளம்புகிறேன், மொழி சொல்லிக்கொடுக்க அயல்நாடு போகிறவர்கள் அந்த வாழ்க்கைக்கு எப்படிப் பழகுகிறார்கள், எனக்குச் சாப்பாடும் குளிரும்தான் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேற்கு ஜப்பானில், ஷிமானே மாகாணத்தின் மலையோர ஊர் ஒன்றில், இதே வேலையில் ஐந்து வருடம் இருந்தேன். சாப்பாட்டுக்கும் குளிருக்கும் கடைசியில் வழி சொல்கிறேன். முதலில் வேறொன்றைப் பேச வேண்டும்.

தமிழில் 'பழகு' என்ற சொல்லை இரண்டு விதமாகப் புழங்குகிறோம். "இந்த ஊர்த் தண்ணீர் பழகிவிட்டது" என்போம். "அவர் நன்றாகப் பழகுவார்" என்றும் சொல்வோம். இடம் பழகுவதற்கும் ஆட்களோடு பழகுவதற்கும் நமக்கு ஒரே சொல். நான் பார்த்தவரையில் அங்கே வந்த ஆசிரியர்களில் ஊர் பழகியவர்கள் எல்லோரும் ஆட்களோடு பழகியவர்கள்தான். குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போட வேண்டும் என்பதுவரை மனப்பாடம் செய்துவைத்திருந்தும், ஊரில் நான்கு பேரோடு பழக்கமில்லாமல் இரண்டாம் வருடமே திரும்பிப் போனவர்களும் உண்டு.

மொழி ஆசிரியருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் வேலைக்காகப் போன இடத்தில் வெளியூர்க்காரராக இருப்பார்கள். உங்களுக்கோ வெளியாளாக இருப்பதுதான் வேலையே. பிள்ளைகள் ஓர் அயல்நாட்டவரைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும் என்றுதான் உங்களை அழைக்கிறார்கள். அயல்நாட்டு இளைஞர்களைத் துணை ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் 1987-ல் தொடங்கியபோதே வகுப்பில் ஆங்கிலம் கேட்கச் செய்வதோடு, ஊர்மக்களும் வெளிநாட்டவரும் கலந்து பழகுவதும் நோக்கமாக இருந்தது. ஒவ்வொரு வருடமாக ஒப்பந்தம் போட்டு அதிகபட்சம் ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். ஐந்து வருடம் முடிந்தால் அடுத்த புதிய முகம் வரும். அதனால் அங்கே "ஜப்பானியரைப் போலவே ஆகிவிட வேண்டும்" என்று முயல்பவர் தன் வேலைக்கு எதிராகவே உழைக்கிறார். வெளியாளாகவே இருந்துகொண்டு வேண்டியவராக ஆவது எப்படி என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

இதை எனக்கு முன்பே என் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் அனுபவித்திருந்தார். கிரேக்கத் தீவு ஒன்றில் 1850-ல் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த லஃப்காடியோ ஹெர்ன், 1890-ல் ஷிமானேயின் தலைநகர் மட்சுயேவுக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. ஊர் அவரைக் கொண்டாடியது. மாணவர்கள் வீடு தேடி வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் மட்சுயே குளிர் அவரைப் படுக்கவைத்தது. அடுத்த வருடம் நவம்பரில் தெற்கே குமமோத்தோவுக்கு மாறினார். அங்கே பள்ளி பெரிது, சக ஆசிரியர்கள் ஒட்டவில்லை. அந்த வருடங்களின் கடிதங்களில் ஒரு நாள் ஜப்பான் மேல் பெரும் மயக்கம், இன்னொரு நாள் கசப்பு என்று மாறி மாறி வருகிறது. மட்சுயேவிலிருந்து குமமோத்தோ வேறு நாடல்ல. அங்கே அவரோடு பழக ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

அவரைக் காப்பாற்றியது வீடு. மட்சுயேவில் சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவை மணந்துகொண்டார். அவருக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது, செட்சுவுக்கு ஆங்கிலம் தெரியாது. வேற்றுமை உருபுகளை உதிர்த்துவிட்டு, வினைச்சொல்லைத் திரிக்காமல் அப்படியே வைத்துப் பேசும் ஒரு வீட்டுமொழியை இருவரும் உண்டாக்கிக்கொண்டார்கள். 'ஹெருன்-சான் மொழி' என்று அதற்குப் பெயரே உண்டு. செட்சு அந்த உடைந்த மொழியில் சொல்லச் சொல்லக் கேட்ட பேய்க்கதைகளையும் பழங்கதைகளையும்தான் அவர் பின்னால் உலகம் படிக்க எழுதினார். 1896-ல் ஜப்பானியக் குடிமகனாகி கொய்சுமி யாகுமோ என்று பெயர் வைத்துக்கொண்டார். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் சொல்லிக்கொடுத்தார். 1903-ல் பல்கலைக்கழகம் அவரை விடுவித்தபோது மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜப்பானிய மொழியை ஒழுங்காகப் படிக்கத் தெரியாமலேயே அந்த நாட்டோடு இவ்வளவு நெருங்க முடிந்திருக்கிறது. இலக்கணம் வரவில்லையே என்று நீங்கள் தளரும் நாளில் இந்த வீட்டுமொழியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் குடியிருந்த வீடு மட்சுயேக் கோட்டைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. நான் மனம் கனத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பிடித்துப் போய் அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். உங்களை முதலில் அசைத்துப் பார்க்கப்போவது அங்கே நிலவும் அமைதி. நம்மூரில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பாதி வகுப்பு கோரஸாகக் கத்தும், தப்பாகவாவது கத்தும். அங்கே 32 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஒருவனை நேராகப் பார்த்துக் கேட்டால் அவன் பக்கத்துப் பையனைப் பார்க்கிறான், தலையைச் சாய்க்கிறான், மேசையைப் பார்க்கிறான். எனக்கு வியர்த்துவிடும். மூன்று நொடி தாண்டுவதற்குள் நானே பதிலையும் சொல்லி, கைதட்டி, அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். என்னோடு வகுப்பெடுத்த ஜப்பானிய ஆங்கில ஆசிரியை ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் "நீங்கள் மிகவும் கென்கி" என்பார். கென்கி என்றால் உற்சாகம், துடிப்பு. செப்டம்பர் முழுக்க அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். டிசம்பரில், வேறொரு பேச்சின் நடுவே, "பிள்ளைகள் யோசிக்க ஆரம்பிக்கும்போது உங்கள் குரல் வந்துவிடுகிறது" என்று மெல்லச் சொன்னார். நான்கு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்த அமைதிக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. எல்லோர் முன்னும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கூச்சம் ஒன்று. நண்பனுக்குத் தெரியாததைத் தான் மட்டும் சொல்லி முந்திரிக்கொட்டையாகத் தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று. பதிலை முழு வாக்கியமாக மனத்தில் கட்டி முடித்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்று பழக்கப்பட்டிருப்பது மூன்றாவது. அவர்கள் படிப்பது உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்காக. அங்கே பிழைக்கு மதிப்பெண் போய்விடும். இதில் எதுவும் உங்கள் மேலுள்ள வெறுப்பு இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஒரு குறளை நிதானமாகச் சொல்லி முடிப்பேன். ஏழு சீர், ஏழெட்டு நொடி. அதுவரை வாய் திறப்பதில்லை. அதற்கு முன்பே பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லச் சொல்லி, அப்புறம்தான் வகுப்புக்கு முன் கேட்பேன். மறு வருடம் அறுவடைக் காலத்தில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் குறளின் ஐந்தாம் சீரில் நின்றேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, அதுவரை என்னோடு ஒரு சொல்கூடப் பேசாதவள், "தாத்தாவுக்கு உதவினேன். நெல்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டே இரண்டு துண்டு வாக்கியம். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த வயல்களெல்லாம் யாருடைய தாத்தாவுடையவை என்று முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன்.

வகுப்புக்கு வெளியே உங்கள் உலகம் ஆசிரியர் அறை. வரிசை வரிசையாக மேசைகள், எல்லோருக்கும் நடுவில் துணைத் தலைமையாசிரியர். அங்கே உங்கள் பாடவேளை முடிந்த பிறகும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். யாரும் பேச வர மாட்டார்கள். ஒதுக்குகிறார்கள் என்று தோன்றும். அவர்களில் பலர் காலை ஏழரைக்கு வந்து, மாலை விளையாட்டுக் குழுவைப் பார்த்துக்கொண்டு, இரவு எட்டுக்குப் போகிறவர்கள். அதோடு உங்களிடம் ஆங்கிலத்தில் பேசத் தயக்கம். நீங்கள்தான் எழுந்து போக வேண்டும். காலையில் உள்ளே நுழையும்போது எல்லோர் காதிலும் விழும்படி வணக்கம் சொல்லுங்கள். கிளம்பும்போது "ஓசாகினி ஷிட்சுரெய் ஷிமாசு", அதாவது உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும் என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தை ஐந்து வருடமும் ஒரு நாள் விடாமல் சொன்னதில் எனக்குக் கிடைத்த நட்புகள், வகுப்பில் எடுத்த எந்தப் பாடத்தாலும் கிடைக்கவில்லை. மாலையில் ஏதாவது ஒரு விளையாட்டுக் குழுவோடு ஓடுங்கள். நான் மேசைப்பந்துக் குழுவோடு இருந்தேன். வகுப்பில் தலை நிமிராத பையன்கள் அங்கே பந்தைப் பொறுக்கிக்கொண்டே என்னென்னவோ கேட்பார்கள்.

ஆரம்பத்தில் சில ஆசிரியர்கள் பாடத்தை உரக்க வாசிக்க மட்டும் உங்களை எழுப்புவார்கள். வாசித்து முடித்தால் மறுபடி ஓரமாக நிற்க வேண்டியதுதான். நம்மூரில் பட்டம் வாங்கி, நான்கு வருடம் வகுப்பெடுத்துவிட்டுப் போன எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த ஆசிரியர் மேசைக்கு நானாகப் போய், "அடுத்த பாடத்துக்குப் பத்து நிமிட விளையாட்டு ஒன்று தயாரித்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்" என்று காகிதத்தை வைத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் பதிலில்லை. நான்காம் வாரம் அதை வகுப்பில் நடத்தச் சொன்னார். உரிமை கேட்டுப் போராடுவதைவிடப் பத்து நிமிடத்தைத் தயாராக வைத்திருப்பது அங்கே பலன் தரும்.

துப்புரவு நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அது வேறு விதமாகப் படும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாட்டுப் போடுவார்கள், மொத்தப் பள்ளியும் துடைப்பம், துணியோடு இறங்கும். பிள்ளைகள் குனிந்து ஈரத்துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நடைபாதை நெடுக ஓடித் துடைப்பார்கள். கழிவறையும் அவர்கள்தான். நம்மூரில் பள்ளிப் பிள்ளைகள் கழிவறை கழுவினால் அது செய்தியாகிறது, ஆகத்தான் வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையின் கையில் அந்தத் துடைப்பம் கொடுக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். அந்த நினைவோடுதான் முதல் நாள் அங்கே நின்றேன். மருத்துவர் மகனும் மரம் வெட்டுபவர் மகளும் முறைவைத்து அதே கழிவறையைத் தேய்த்தார்கள். துணைத் தலைமையாசிரியர் வாசற்படியில் காலணி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துணி எடுத்தேன். ஜப்பானில் எல்லாம் நேர்த்தி என்று சொல்ல வரவில்லை. கூட்டத்தோடு ஒத்துப்போகாத பிள்ளை அங்கே படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை ஊர் திரும்பிய பின்பும் நான் விடவில்லை.

மொழி விஷயத்தில் உங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் ஆசிரியர்கள் ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதைப் பழகவே மாதக்கணக்கில் திணறுவார்கள். நமக்கு அது இயல்பு. "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்ற அதே வரிசையில் சொல்லைச் சொல்லாக மாற்றி வைத்தாலே பெரும்பாலும் சரியாக வரும். கானா என்னும் ஜப்பானிய அசையெழுத்துகளின் வரிசையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ பழங்காலத்தில் ப. புத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்துமுறையைக் கற்றதன் வழியே வந்த வரிசை அது. நம் நெடுங்கணக்கைப் படித்தவருக்கு அகராதி புரட்டுவது முதல் வாரத்திலேயே கைவந்துவிடும். தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதாடியதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. நானும் அதை நம்பிப் பேசவில்லை. ஒற்றுமைகளைப் பயன்படுத்திக்கொள்ள உறவு நிரூபணமாக வேண்டியதில்லை.

பிள்ளைகள் பேருந்தை 'பாசு' என்பதைக் கேட்டு மற்ற நாட்டு ஆசிரியர்கள் தலையில் கைவைப்பார்கள். நம் வீட்டுப் பாட்டியும் 'பஸ்ஸு' என்றுதான் சொல்வார். ஒற்றில் முடியும் அயல்சொல்லுக்கு ஓர் உகரத்தைச் சேர்ப்பது இரண்டு மொழிக்கும் உள்ள வழக்கம். அந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த வழுக்கல். அதேபோல் "இது என் சகோதரன்" என்று பாடப்புத்தக ஆங்கில வாக்கியத்தை வாசித்தபோது ஒரு மாணவி கைதூக்கி, "அண்ணனா, தம்பியா?" என்று கேட்டாள். அவர்களுக்கும் 'அனி' வேறு, 'ஒதோதோ' வேறு. அக்காவுக்கும் தங்கைக்கும் தனித்தனிச் சொல். "என் தாய்மொழியிலும் அப்படித்தான், ஆங்கிலத்தில்தான் அது கிடையாது" என்று கரும்பலகையில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என நான்கு தமிழ்ச் சொற்களை எழுதினேன். ஆங்கிலம் பேசுகிறவர் எல்லோரும் ஒரே மாதிரி என்று எண்ணியிருந்த வகுப்பு அது. அன்று என்னை வேறு மாதிரி பார்த்தார்கள்.

இதெல்லாம் நடந்தும் ஒரு சரிவு வரும். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில், எப்போது கைகொடுப்பது, எப்போது பேசுவது என்பது போன்ற பழகிய சிறு அடையாளங்களை இழப்பதால் வரும் பதற்றத்தைக் கலாச்சார அதிர்ச்சி என்று விளக்கினார். மறு வருடம் லிஸ்கார்ட் என்பவர், அமெரிக்கா போய் வந்த சுமார் 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து, ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை இருந்தவர்களே அதிகம் திணறினார்கள் என்று கண்டார். அதற்கும் குறைவாக இருந்தவர்களும் அதிகமாக இருந்தவர்களும் தேவலை. இப்போது உங்கள் நாள்காட்டியில் எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் இறங்குகிறீர்கள், ஆறு மாதம் என்றால் பிப்ரவரி. ஷிமானேப் பக்கம் அது சூரியனே தெரியாத சாம்பல் நிற மாதம். "சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று அந்த வட்டாரத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. சரியாக அந்தக் குளிர்காலத்தில்தான் அடுத்த வருடமும் தொடர்கிறீர்களா என்று படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

என் முதல் பிப்ரவரியில் பள்ளியிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்திருப்பேன். அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். "சாப்பிட்டாச்சா" என்று யாரும் கேட்காத ஊர் என்ற ஏக்கம்தான் அதில் பெரிது. அப்படி இருந்தால் வைராக்கியம் பேசாதீர்கள். திட்டத்திலேயே ஆலோசனை உதவி உண்டு. டோக்கியோவில் 1973 முதல் இயங்கும் டெல் என்ற தொலைபேசி உதவி அமைப்பு ஆங்கிலத்தில் பேசும். அந்தப் படிவத்தை மட்டும் பிப்ரவரி மாத மனநிலையில் நிரப்பாதீர்கள்; பகலில், யாரோடாவது பேசிவிட்டு நிரப்புங்கள்.

இன்னொன்று மார்ச் கடைசியில் வரும். அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், செய்தி கடைசி நேரத்தில்தான் தெரியும். நான் முதலில் நெருங்கிய அந்த ஆங்கில ஆசிரியை இரண்டாம் மார்ச்சில் கடலோரத் தீவுப் பள்ளி ஒன்றுக்குப் போய்விட்டார். ஏப்ரலில் பக்கத்து மேசையில் வேறொருவர். ஒரே ஆளைப் பற்றிக்கொண்டு நிற்காதீர்கள். பள்ளி எழுத்தர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர், தெருமுனையில் காய் விற்கும் அம்மா, இவர்கள் ஊரிலேயே இருப்பவர்கள்.

டெய்லர் ஆண்டர்சனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து 2008-ல் வடகிழக்கு ஜப்பானின் கடலோர ஊரான இஷினோமாகிக்கு வந்த துணை ஆசிரியை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது, பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகும்வரை பள்ளியில் நின்றார். பிறகு சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுனாமியில் இறந்தார். வயது 24. அதே கடற்கரையிலுள்ள ரிக்குசென்தகாதா என்ற ஊரில் மான்ட்கமரி டிக்சன் என்ற துணை ஆசிரியரும் அன்று இறந்தார். டெய்லரின் பெற்றோர் அவர் பெயரில் ஆங்கிலப் புத்தக அலமாரிகளை அப்பகுதிப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த அலமாரிகளைச் செய்தவர் உள்ளூர் மரத்தச்சர் ஒருவர். டெய்லரிடம் படித்த தன் மூன்று பிள்ளைகளையும் அதே சுனாமியில் இழந்தவர்.

கேட்ட இரண்டுக்கும் வருகிறேன். சைவம் என்றால் "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மீன் அதில் அடங்காது என்று எடுத்துக்கொள்வார்கள். தெளிந்த ரசம் போலத் தெரியும் சூப்பிலும் மீன் துருவல் சாறு இருக்கும். சாப்பிடாதவற்றைப் பட்டியலாக ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கி, சேரும் முன்பே பள்ளிக்கு அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோக விடுவார்கள். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்தே சாப்பிடுங்கள். வீடுகளில் குளிர்காப்பு குறைவு, ஓர் அறையை மட்டும் மண்ணெண்ணெய் அடுப்பால் சூடாக்குவார்கள். முதல் சம்பளத்தில் ஒரு கொதாட்சு வாங்குங்கள், அடியில் சூடேற்றியும் மேலே மெத்தைப் போர்வையும் உள்ள தாழ்ந்த மேசை. பாதங்களுக்குக் கம்பளிக் காலுறை முக்கியம், பள்ளி நடைபாதை ஐஸ் போலிருக்கும்.

பெட்டியில் மசாலாப் பொடிக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியைத் தனித்தனியாகக் காகிதம் சுற்றிய நம்மூர் மிட்டாய்க்குக் கொடுங்கள். மாணவர்களுக்கு வேண்டாம், ஒவ்வாமை விஷயத்தில் பள்ளிகள் கண்டிப்பு. ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேசையிலும் ஒன்று வைப்பதற்கு. எத்தனை பேர் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தர், செவிலியர், துப்புரவுக் கருவி அறையைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரையும் சேர்த்து. நான் கேட்காமல் 22 கொண்டுபோனேன், இருந்தது 23 பேர். துணைத் தலைமையாசிரியர் தன் மேசையில் வைத்ததை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளித் தோட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்து, பேனாவை எடுத்து வேலையைத் தொடர்ந்தார்.